ஊரடங்கும் உறையாத ரத்தமும்

சித்திரை முதல் நாளான 14.04.2025 அன்று நம் குடியிருப்போர் நலச்சங்கம் நடத்திய தமிழ்ப் புத்தாண்டுக் கூடுகையில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை இது. அவருடைய விருப்பப்படி பெயரைக் குறிப்பிடவில்லை. அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக இங்கே தருகிறோம்.

 

செயலாளர் சார் என்னிடம் "பத்து நிமிஷம் பேசுங்க டீச்சர்" என்றார். வகுப்பெடுத்தே பழகியவளுக்கு நாற்பது நிமிடத்துக்குக் குறைவாகப் பேசத் தெரியாது. கொஞ்சம் கூடக் குறைய ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வைத்திருக்கும் வடை ஆறிப்போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்றைய தேதியை நான் மறக்கவே முடியாது. ஐந்து வருடத்துக்கு முன்பு, 2020 ஏப்ரல் 14. அதுவும் சித்திரை முதல் நாள்தான். 21 நாள் ஊரடங்கு அன்றோடு முடிந்துவிடும் என்று நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். காலை 10 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து மே 3 வரை நீட்டிப்பதாகச் சொன்னார். நான் மாங்காய்ப் பச்சடி கிளறிக்கொண்டே அதைக் கேட்டேன். என் கவலை எல்லாம் ஃபிரிட்ஜில் இருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பற்றித்தான்.

என் மகனுக்கு ஹீமோபிலியா. இங்கே இருக்கும் பலருக்கு இப்போது தெரியும். ஆனால் 2011இல் நாங்கள் மூலக்குளத்துக்குக் குடிவந்தபோது யாருக்கும் சொல்லவில்லை. ஒன்பது வருடம் மறைத்தோம். தம்பி நொண்டி நடந்தால் "சுளுக்கு" என்போம். பள்ளிக்கு வராவிட்டால் "காய்ச்சல்" என்போம். ஏன் மறைத்தோம் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அது என்ன நோய் என்று ஒரு டீச்சராகச் சொல்லிவிடுகிறேன்.

நமக்குக் கையில் வெட்டுப்பட்டால் இரண்டு வேலை நடக்கும். முதலில் தட்டணுக்கள் ஓடிவந்து செங்கல் மாதிரி அடுக்கி ஓட்டையை அடைக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசுவது உறைவுக் காரணிகளின் வேலை. ஃபேக்டர் 1, ஃபேக்டர் 2 என்று எண் போட்டு அவற்றை அழைப்பார்கள். ஒன்று அடுத்ததை எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, கடைசியில் ரத்தம் உறையும். நடுவில் எட்டாம் ஆள் வரவில்லை என்றால் அது ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் ஆள் வரவில்லை என்றால் ஹீமோபிலியா பி. செங்கல் அடுக்கப்படும், ஆனால் பூச்சு நிற்காது.

ஊசி குத்தினாலே ரத்தம் பீய்ச்சி அடிக்கும் என்று சினிமாவில் காட்டுவது சரியில்லை. ரத்தம் வேகமாக வராது. நிற்க நேரமாகும், அவ்வளவுதான். சின்னச் சிராய்ப்பெல்லாம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். உள்ளே கசிவதுதான் ஆபத்து. முட்டி, முழங்கை, கணுக்கால் மூட்டுகளில் கசியும். தசைக்குள் கசியும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரே முட்டியில் திரும்பத் திரும்பக் கசிந்தால் இருபது வயதிலேயே மூட்டு தேய்ந்து மடங்காமல் போய்விடும்.

ஃபேக்டர் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் தீவிர வகை. என் மகனுக்கு அதுதான், ஃபேக்டர் 8. 1 முதல் 5 வரை நடுத்தரம். 5 முதல் 40 வரை லேசானது. ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர் ஹீமோபிலியா ஏ உடன் பிறக்கிறார். இது ஒட்டுவாரொட்டி கிடையாது. தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது. ஊரடங்கு நேரத்தில் இதைக்கூட ஒருவர் என்னிடம் கேட்டார். கோபப்படவில்லை. எதைக் கண்டாலும் பயந்துகொண்டிருந்த நேரம் அது.

மருந்து என்றால் அந்த இல்லாத ஃபேக்டரை நரம்பு வழியாக ஏற்றுவதுதான். கணக்கு எளிது. ஃபேக்டர் 8ஐப் பொறுத்தவரை, உடல் எடையில் கிலோவுக்கு 1 யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் 2 சதவீதம் ஏறும். அப்போது என் மகனுக்கு 14 வயது, 40 கிலோ. 500 யூனிட் குப்பி ஒன்று போட்டால் சுமார் 25 சதவீதம் வரும். ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அதில் பாதி போய்விடும். பெரிய கசிவு என்றால் நாள்கணக்கில் விடாமல் போட வேண்டும். குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதிகமாகச் சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும்.

மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் வீட்டில் இரண்டு குப்பி இருந்தது. வழக்கமாகக் கசிவு வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போவோம், அங்கே இலவசமாகப் போடுவார்கள். இந்த இரண்டும் அவசரத்துக்கு என்று டாக்டர் கொடுத்து வைத்தவை.

அந்த நாட்களில் நம் ஊர் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையாக மாறியிருந்தது. ஜிப்மரில் வெளிநோயாளிகள் பிரிவை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் ஆலோசனை சொன்னார்கள். தமிழ்நாட்டு எல்லையில் தடுப்பு போட்டிருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஒரு முதியவர் புற்றுநோய் வந்த மனைவியை சைக்கிளில் உட்காரவைத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து ஜிப்மருக்கு வந்து சேர்ந்தாரே, நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் நடந்தது. சிகிச்சை கொடுத்து ஆம்புலன்ஸில் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. கொரோனா வராமலேயே கொரோனாவால் தவிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 3ஆம் தேதி தம்பிக்கு வலது முட்டி வீங்கியது. அவன் அப்பா வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். இந்திரா காந்தி சிலை அருகே போலீஸ் நிறுத்தினார்கள். மருத்துவ அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். போன மருத்துவமனையில் ஃபேக்டர் கையிருப்பு இல்லை, லாரி வரவில்லை என்றார்கள். நாங்கள் கொண்டுபோன குப்பியில் ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். முட்டி இறங்கியது. மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றை நான் பாழாக்கினேன்.

நம் எல்லோர் ஃபிரிட்ஜும் அந்த மாதம் எப்படி இருந்தது? பத்து நாளைக்குக் காய்கறி, பால், மாவு, எதை எங்கே வைத்தோம் என்றே தெரியாது. நானும் வண்டிக்காரரிடம் முட்டைக்கோஸும் கேரட்டும் வாங்கித் திணித்தேன். கதவுத் தட்டில் மருந்து வைக்கக்கூடாது, திறந்து திறந்து மூடச் சூடாகும் என்பதால் நடுத்தட்டில் டப்பாவில் வைத்திருந்தேன். காய்கறி தள்ளித் தள்ளி அந்த டப்பா பின்சுவரோடு ஒட்டிவிட்டது. ஏப்ரல் 14 மதியம் எடுத்துப் பார்த்தால் பெட்டி மேல் பனி. கூட இருந்த கரைக்கும் தண்ணீர் கட்டியாக உறைந்து, அதன் குப்பி விரிசல் விட்டிருந்தது. மருந்தும் உறைநிலையில் எத்தனை நாள் இருந்ததோ தெரியாது. டாக்டரிடம் போனில் கேட்டேன். "அதை நம்பிப் போடாதீங்கம்மா" என்றார்.

ஏன் அன்று மதியம் எடுத்தேன் என்றால், சாப்பிட்டு எழுந்த தம்பி "அம்மா, அடிவயிறு இழுக்குது" என்றான். முதல் நாள் மாலை மொட்டை மாடியில் அவன் அக்காவோடு ஷட்டில் ஆடியிருக்கிறான். காலை அகட்டி எட்டி அடித்திருக்கிறான். நான்கு மணிக்கெல்லாம் வலது காலை நீட்ட முடியவில்லை. முட்டியை மடக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் சொல்லவில்லை, தேவையும் இல்லை. வாசலிலேயே காய்ச்சல் பார்த்து, எங்கே போய் வந்தீர்கள் என்று விசாரித்து, ஒரு மணி நேரம் கழித்து ஒரு சின்ன வயது டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலது பக்கம் வலி, கால் நீட்ட முடியவில்லை. "அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கு, ராத்திரிக்குள்ள ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். என் உடம்பு சில்லிட்டுப் போனது. ஃபேக்டர் இல்லாமல் வயிற்றைத் திறந்தால் என் பிள்ளை இருக்க மாட்டான். அட்டையைக் காட்டினேன். "டாக்டர், இவனுக்கு ஹீமோபிலியா. சோவாஸ் தசையில் கசிந்தாலும் இப்படித்தான் வலிக்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் பாருங்கள்" என்றேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடனே நிறுத்தினார். ஸ்கேன் எடுத்தார். முதுகெலும்பிலிருந்து தொடை வரை வரும் தசைக்குள் ரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. ஒரு ரத்தவியல் நிபுணரைப் போனில் பிடித்துப் பேசினார். பிறகு என்னிடம், "நீங்க சொல்லலைன்னா தப்பாப் போயிருக்கும்மா" என்றார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படி அரிதான நோய் உள்ள வீட்டில் பெற்றோரும் பாதி டாக்டராக இருக்க வேண்டியிருக்கிறது. அட்டை எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

அன்றிரவு ஓர் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் கிரையோ ஏற்றினார்கள். கிரையோ என்றால் தானமாக வந்த ரத்தத்தின் பிளாஸ்மாவை உறையவைத்து, மெல்ல உருக்கிப் பிரித்தெடுப்பது. 1960களில் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த முறை. ஒரு பையில் சுமார் 80 யூனிட் ஃபேக்டர் 8 இருக்கும். தம்பிக்கு எட்டுப் பை ஏறியது. எட்டுப் பை என்றால் யாரோ எட்டுப் பேர் கொடுத்த ரத்தம். ரத்த வங்கியில் இருந்த தம்பி சொன்னார், "முகாமே நடக்கலைக்கா. காலேஜ் மூடிட்டாங்க. வர்றவங்களும் பயந்து வரல. நாளைக்கு இத்தனை பை இருக்குமான்னு சொல்ல முடியாது."

டாக்டர் நேராகவே சொன்னார். "இதுக்கு ஒரு வேளை போதாது. தொடர்ந்து போடணும். இங்க வார்டுல வச்சா தொற்று பயம். ஃபேக்டரும், ஊசி போட ஒரு நர்ஸும் கிடைச்சா வீட்டுலயே பார்க்கலாம். நான் போன்ல இருக்கேன்."

ஃபேக்டருக்கு எங்கே போவது? எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. இரவு 11 மணிக்கு அதில் எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் கண்டமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம். அவர்கள் பையனுக்கும் ஃபேக்டர் 8. ஆறு குப்பி வைத்திருக்கிறார்கள். "எங்க பையன் இப்ப நல்லாருக்கான். எடுத்துக்கோங்க. உங்களுக்கு வந்ததும் திருப்பிக் கொடுங்க" என்றார் அந்த அம்மா. அவர்களுக்கும் அடுத்த குப்பி எப்போது வரும் என்று தெரியாது. அவர்கள் பையனுக்கு மறுநாளே கசிவு வரலாம். இருந்த அத்தனையையும் கொடுத்தார்கள். இன்றுவரை அந்த வீட்டுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் வருகிறோம்.

கண்டமங்கலம் நமக்கு எவ்வளவு தூரம்? வில்லியனூர் தாண்டி, அரியூர் தாண்டினால் வந்துவிடும். சாதாரண நாளில் பஸ்ஸில் போய் மல்லாட்டை வாங்கி வருகிற தூரம். அன்று அது வேறு மாநிலம், நடுவில் தடுப்பு. நம் பி பிளாக்கில் கீழ் வீட்டில் இருக்கும் மின்துறை சார்தான் போனார். அவரிடம் பணிக்கான பாஸ் இருந்தது. காலை ஆறு மணிக்கு நான் கதவைத் தட்டிச் சொன்னபோது அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "எதுல வச்சு எடுத்தாரணும், ஐஸ் வேணுமா?" என்றார். மீன்காரம்மா நம் கேட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த தெர்மோகோல் பெட்டியைக் கழுவி, ஐஸ் பையைத் துணியில் சுற்றி, குப்பி மேல் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தப் பையனின் அப்பா டிவிஎஸ் 50இல் வந்து நின்றார். காவலர் ஒருவர் பெட்டியை வாங்கி இந்தப் பக்கம் கொடுத்தார். எட்டு மணிக்கு மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. கிரையோவில் ஏறியது பாதி இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். இனி ஊசி போட ஆள் வேண்டும்.

இப்போது நான் சொல்லப்போவதைத்தான் ஐந்து வருடமாக மனத்தில் வைத்திருக்கிறேன்.

அப்போது ஏ பிளாக் நான்காம் மாடியில் ஒரு நர்ஸ் சிஸ்டர் வாடகைக்கு இருந்தார். கொரோனா வார்டில் பணி. ஏப்ரல் முதல் வாரம் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கொரோனா வார்டில் வேலை செய்பவர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்த வேண்டாம், முடிந்தால் கொஞ்ச நாளைக்கு வேறு இடத்தில் தங்கலாம் என்று. யார் போட்டது என்பது இப்போது முக்கியமில்லை, அவரும் பயத்தில்தான் போட்டார். ஊரெங்கும் அப்படித்தான் இருந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் சிறை என்று அந்த மாதம் 22ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நம் குழுவில் அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. என் பிள்ளைக்குத் தொற்று வந்துவிடக்கூடாதே என்று நினைத்தேன். அந்த சிஸ்டர் இரவுப் பணி முடித்துவிட்டு நான்கு மாடியும் படியேறிப் போவதை ஜன்னலில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

ஏப்ரல் 15 காலை எட்டேகாலுக்கு நான் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான். கதவைத் தொடாமல் தள்ளி நின்று பேசினேன். தம்பிக்கு ஹீமோபிலியா என்று இந்தக் குடியிருப்பில் நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அவரிடமும் மின்துறை சாரிடமும்தான். சிஸ்டர் தூங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கேட்டுக்கொண்டார். "பட்டர்ஃபிளை நீடில் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "மருந்தைக் கரைக்கும்போது குலுக்கிடாதீங்க டீச்சர், உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டணும். குளிச்சிட்டு வர்றேன்" என்றார். கதவைச் சாத்தப் போனவர் திரும்பிக் கேட்டார்:

"லிஃப்ட்ல வரலாமா டீச்சர், இல்ல படியிலயே வரட்டுமா?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அனுமதி கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. "லிஃப்ட்லயே வாங்க சிஸ்டர்" என்று ஒருவழியாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் செயலாளர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தச் செய்தியை எடுத்துவிட்டு, மருத்துவப் பணியாளர்கள் எல்லா வசதியையும் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அதற்கும் கட்டைவிரல்கள் வந்தன. முதலில் போட்ட அதே விரல்கள்தான், என்னுடையதும் சேர்த்து.

முதல் இரண்டு நாள் 12 மணிக்கொரு முறை, அடுத்த இரண்டு நாள் தினம் ஒரு முறை. ஆறு குப்பியும் சிஸ்டர் கையால் ஏறியது. பணிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் குளித்து, முகக்கவசம், கையுறையோடு வருவார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. நான்காம் நாள் தம்பி காலை முக்கால்வாசி நீட்டினான். அதற்குள் மருத்துவமனைக்கும் ஃபேக்டர் வந்துவிட்டது. முழுதாக நடக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் சிஸ்டர் தம்பிக்குத் தானே நரம்பு பார்த்து ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். டாக்டரும் சரி என்றார். முதலில் என் கையில் குத்திப் பழகினான். இன்று அவனுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தன் மருந்தைத் தானே போட்டுக்கொள்கிறான்.

ஹீமோபிலியா இருப்பதால் கொரோனா எளிதில் தொற்றும் என்பதில்லை. ஆனால் வந்தால் சிக்கல் உண்டு. கொரோனாவில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால் கட்டாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். இவர்களுக்கோ ஏற்கெனவே உறையாது. அதனால் ரத்தவியல் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. தடுப்பூசி போடலாமா என்று பலர் பயந்தார்கள். 15 முதல் 18 வயதினருக்கு 2022 ஜனவரி 3ஆம் தேதி ஆரம்பித்தபோது தம்பியும் போட்டுக்கொண்டான். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு சொன்ன முறை இதுதான்: தீவிர வகையினர் முதலில் ஃபேக்டர் போட்டுக்கொள்ள வேண்டும், மெல்லிய ஊசியால் போட வேண்டும், போட்ட இடத்தைக் குறைந்தது பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கடிகாரம் பார்த்துப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சரி, ஒன்பது வருடம் ஏன் மறைத்தோம்? என் மகளுக்காக. இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அந்த மரபணுவைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கும்போது யாராவது ஏதாவது சொல்வார்களே என்று பயம். "அம்மா வழியா வந்ததாமே" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, நான் ஏதோ குற்றம் செய்தவள் போலவே இருந்தேன். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்பு யாருக்குமே இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றம்தான் காரணம்.

வருகிற 17ஆம் தேதி உலக ஹீமோபிலியா தினம். அந்தக் கூட்டமைப்பை 1963இல் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெலின் பிறந்தநாள் அது. அவருக்கே ஹீமோபிலியா இருந்தது. இந்த ஆண்டு பெண்களையும் சிறுமிகளையும் முன்வைத்துப் பேசுகிறார்கள். பெண்களுக்கு வராது, அவர்கள் சுமப்பவர்கள் மட்டுமே என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். எனக்கு மாதவிடாய் பத்து நாள் நிற்காது. இரண்டு பிரசவத்திலும் ரத்தம் ஏற்றினார்கள். "உடம்பு வாகு" என்றார்கள். 2021இல்தான் யாரோ என் ஃபேக்டர் 8ஐயும் பார்க்கச் சொன்னார்கள். 34 சதவீதம். எனக்கே லேசான ஹீமோபிலியா. இங்கே இருக்கும் தாய்மார்கள், அக்கா தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமானால், அடிபடாமலே நீலம் பாரித்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண் பெண் இருவருக்கும் வரும் வான் வில்லிபிராண்ட் நோய் என்று இன்னொன்றும் உண்டு. என் மகளும் பரிசோதனை செய்துகொண்டாள். முடிவை அவள் யாரிடம் எப்போது சொல்ல வேண்டுமோ சொல்வாள். அது அவள் உரிமை.

நிலைமை மாறிவருகிறது. தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்து இந்தியாவுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் பின் கசிவே வரவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் கிடைக்க நாளாகும். அதுவரைக்கும் அக்கம்பக்கம்தான் துணை. அதனால் நம் சங்கத்திடமும் உங்களிடமும் சில வேண்டுகோள்கள்.

ஒன்று. அவசரப் பதிவேடு. ஹீமோபிலியா மட்டுமில்லை, டயாலிசிஸ் செய்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். மூடிய உறையில் செயலாளரிடம் இருக்கட்டும். ஊரடங்கோ புயலோ வந்தால் யாருக்கு என்ன தேவை என்று தேட வேண்டியதில்லை.

இரண்டு. சங்க அலுவலக ஃபிரிட்ஜை ஜெனரேட்டர் இணைப்பில் போடுங்கள். புயல் வந்து இரண்டு நாள் மின்சாரம் போனால் இன்சுலினுக்கும் அது உதவும்.

மூன்று. ரத்த தானம். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. வருடத்துக்கு ஒரு முகாம் நம் கார் பார்க்கிங்கில் வைக்கலாம். என் பிள்ளைக்கு அந்த எட்டுப் பேர் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது ஒருவராகக்கூட இருக்கலாம்.

நான்கு. இப்படி ஒரு பிள்ளை உங்கள் முன்னால் அடிபட்டு விழுந்தால்: தேய்த்துவிடாதீர்கள், உருவிவிடாதீர்கள், சூடு ஒத்தடம் வேண்டாம். அசையாமல் உட்காரவைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், பெற்றோரைக் கூப்பிடுங்கள். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் கொடுக்கவே கூடாது. தலையில் அடி என்றால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

ஐந்து. விளையாட விடுங்கள். தசை வலுவாக இருந்தால்தான் மூட்டு தாங்கும். நீச்சல், சைக்கிள் எல்லாம் நல்லது. ஊரடங்கு முடிந்ததும் எங்கள் வீட்டு விஷயம் தெரிந்து, சில பிள்ளைகள் தம்பியைத் தொடவே பயந்தார்கள். அவனுக்கு முட்டி வலியைவிட அதுதான் வலித்தது.

அந்த சிஸ்டர் இன்று இங்கே இல்லை. காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இந்தப் பேச்சை நம் இதழில் போடுவதாகச் செயலாளர் சார் சொன்னார். இணையத்தில் வருவதால் அவரும் படிப்பார். அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கட்டைவிரலை எல்லோர் முன்னாலும் போட்டதால், மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும் கேட்பதுதான் முறை. சிஸ்டர், எங்களை மன்னித்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது லிஃப்ட்டிலேயே வாருங்கள், பி பிளாக் இரண்டாம் மாடி. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

 வடை இன்னும் சூடாக இருக்கிறதாம். வாருங்கள்.